பஞ்சவர்ணம் பேசிய மதியங்கள்

தோஹாவில் நஜ்மா வட்டாரத்துத் தமிழ்ப் பெண்களுக்கு மனசு கனத்துப்போனால் போவதற்கு ஓர் இடம் இருந்தது. பழைய நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இருந்த நஜீஹாவின் வீடுதான் அது. காயல்பட்டினத்திலிருந்து கல்யாணமாகி அவள் அங்கே வந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. கணவர் கலீலுர் ரஹ்மான் இரண்டு தெரு தள்ளி, தையல்காரர்களுக்குப் பட்டன், ஜிப், லைனிங் துணி விற்கிற கடை வைத்திருந்தார். ஒரே மகள் ருமைஸா ஒன்பதாம் வகுப்பு.

யார் வந்தாலும் நஜீஹா எதிரே உட்கார்ந்து, வந்தவளின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்பாள். அழுகிற இடத்தில் தானும் அழுவாள். எல்லாம் சொல்லி முடித்த பிறகு இஞ்சி தட்டிப்போட்டு டீ வரும். "அல்லா லேசாக்கித் தருவான்மா" என்று வாசல்வரை வந்து அனுப்பிவைப்பாள். இவளிடம் சொன்னால் பாதி பாரம் இறங்கிவிடும் என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இரண்டாம் மாடியில் நளினி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷனுக்கு ஊருக்கு வெளியே சைட்டில் வேலை, வாரத்துக்கு ஒரு நாள்தான் வீடு. முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, வலி எடுத்தால் தனியாக எப்படி ஆஸ்பத்திரிக்குப் போவது என்ற பயத்தை நளினி நாலு மாதம் நஜீஹாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு மாதமும் நஜீஹா கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். வலி எடுத்த அன்று நளினி தனியாகத்தான் டாக்சி பிடித்துப் போனாள். மறுநாள் நஜீஹா கறியும் சோறும் கொண்டுபோய்ப் பார்த்தாள். நளினி ஒன்றும் குறை சொல்லவில்லை. நஜீஹாவுக்கும் அதில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை.

கொரோனா ஓய்ந்த அடுத்த வருஷம், ஜூன் மாதம். பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தார்கள். மதிய லுஹர் தொழுகை முடிந்து கடைகள் அடைத்தால் மாலை அஸர் தொழுகைவரை நஜ்மாவில் ஆள் நடமாட்டம் இருக்காது. வெயில் மஞ்சளாக இல்லாமல் வெள்ளையாகக் காயும். தெரு, கார்கள், எதிர்க் கட்டடத்துச் சுவர் எல்லாம் ஒரே வெள்ளை. கலீல் சாப்பிட்டுவிட்டு ஏசி போட்டுப் படுத்திருந்தார். ருமைஸா தன் அறைக் கதவை அடைத்திருந்தாள். நஜீஹா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமையலறைக்கு இருந்த ஒரே ஜன்னல் டக்ட்டைப் பார்த்துத் திறக்கும். கட்டடத்தின் நடுவே அடியிலிருந்து மொட்டை மாடிவரை போகிற சதுரமான வெற்றிடம் அது. எல்லா வீட்டுச் சமையலறை, குளியலறை, உள்ளறை ஜன்னல்களும் அதற்குள்தான் இருக்கும். குழாய்கள், ஏசித் தண்ணீர் சொட்டுகிற சத்தம், புறாக்களின் முனகல். இருபது வருஷமாக அந்தச் சத்தங்களோடு இருந்தவளுக்கு அன்று புறாக்கள் ஒரேயடியாக அடங்கிப்போனது உடனே தெரிந்தது. குழாயை மூடினாள்.

"அக்கா, இருக்கீகளா?"

மேலேயிருந்து வந்தது. நாற்பது வயதுப் பெண்ணின் குரல் மாதிரி இருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் சின்ன எதிரொலி.

"இருக்கேன்மா. யாரு?" என்றாள் நஜீஹா.

குரல் தன் போக்கில் தொடர்ந்தது. தன் பேர் பஞ்சவர்ணம் என்றது. பரமக்குடிக்குப் பக்கத்தில் ஊர். வீட்டுவேலை என்று சொல்லி ஏஜென்ட் கூட்டிவந்தான், வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று தெரியவில்லை, அறையில் கடிகாரம் கிடையாது, பள்ளிவாசல் பாங்குச் சத்தத்தை எண்ணித்தான் பொழுதைக் கணக்குப் பண்ணுகிறேன் என்று சொல்லிக்கொண்டே போனது. நடுவே ஓர் இருமல். பிறகு மகள் அகிலாவைப் பற்றி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள், நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள். கால் மணி நேரம் பேசியிருக்கும். பிறகு புறாக்கள் முனகத் தொடங்கின, குரல் இல்லை.

நஜீஹா ஈரக்கையோடு நின்றாள். கண் கலங்கியிருந்தது. பாவம், யாரோ, எங்கேயோ என்று நினைத்தாள். மறுநாள் அதே நேரத்துக்கு ஜன்னலருகே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

இப்படியே மூன்று வாரம் ஓடியது. தினம் ஒரு கதை. புருஷன் லாரி ஏறிச் செத்தது, மகள் காதுத்தோட்டைக் கழற்றிக் கொடுத்தது, விமானத்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பயந்தது, நெஞ்சுக்குள் அடைக்கிற வலி. நஜீஹா தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தாள். உம் கொட்டினாள், அழுதாள், அல்லா இருக்கிறான் என்றாள். ஆனால் அவள் ஆறுதல் சொல்லத் தொடங்கினால் குரல் நின்றுவிடும். அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அந்தப் பேச்சே காதில் விழாததுபோல விட்ட இடத்திலிருந்து தொடரும். கேள்வி கேட்டாலும் அப்படித்தான். எந்த வீடு, என்ன நம்பர் என்று பலமுறை கேட்டுப் பார்த்தாள். ஒருமுறைகூடப் பதில் இல்லை.

கலீலிடம் சொன்னாள். அவர் கீழே போய் வாட்ச்மேன் ஐயப்பனிடம் விசாரித்துவந்தார். நாலாம் மாடியில் இவர்கள் தலைக்கு மேலே இருக்கும் வீடு பூட்டிக் கிடக்கிறதாம், ஆள் யாரும் இல்லையாம். பக்கத்துக் கட்டடத்துப் பேச்சு எதிரொலித்து வரும், இதையெல்லாம் நோண்டாதே என்று அவர் சொல்லிவிட்டார்.

ஜூலை முதல் வாரத்தில் ஒரு நாள் குரல் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, வெளிய மழ போல. கொழாயில தண்ணி ஓடுற சத்தம் கேக்குது. மண்ணு வாசன வருது" என்றது.

நஜீஹா எழுந்து முன்னறைக்குப் போய்த் திரையை விலக்கிப் பார்த்தாள். வானம் வெந்துபோய்க் கிடந்தது. தார் ரோட்டின்மேல் காற்று நெளிந்தது. ஒரு சொட்டு மழைக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. திரும்பிச் சமையலறைக்கு வந்தபோது உண்மையாகவே அங்கே மண்வாசனை அடித்தது. புதுமழை விழுந்த தெருவின் வாசனை. குப்பென்று வந்து அப்படியே நின்றுவிட்டது. 

மறுநாள் குரல் முதலிலிருந்து தொடங்கியது. "அக்கா, இருக்கீகளா?" பேர், ஊர், பாங்குச் சத்தம். முதல் நாள் சொன்ன அதே சொற்கள். முதல் நாள் இருமிய அதே இடத்தில் அதே இருமல். அடுத்த நாள் லாரிக் கதை. அதற்கடுத்த நாள் தோடு. ஒன்றுகூட இடம் மாறவில்லை. மூன்று வாரமாகத் தான் ஒருத்தியோடு பேசிக்கொண்டிருந்ததாக நினைத்தது தப்பு என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் குரல் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

அன்று ருமைஸா தண்ணீர் குடிக்க வந்தவள் வாசலில் நின்றுவிட்டாள்.

"உம்மா, யார்ட்ட பேசுறீங்க?"

"மேல ஒரு பொம்பள. கேக்கலையா உனக்கு?"

ருமைஸா காதைக் கொடுத்துக் கேட்டாள். ஏசித் தண்ணீர்தான் சொட்டுகிறது என்றாள். தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் போனை அலமாரிமேல் வைத்துப் பதிவு செய்திருக்கிறாள். சாயங்காலம் அதைப் போட்டுக் காட்டினாள். பதினேழு நிமிஷம். தண்ணீர் சொட்டுகிறது. நடுநடுவே நஜீஹாவின் குரல், "ம்... ம்... அழாதம்மா... ம்..." வேறு ஒன்றும் இல்லை. நஜீஹா தன் குரலை இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டாள். இத்தனை வருஷம் இத்தனை பேரிடம் தான் பேசியது இவ்வளவுதானா என்று தோன்றியது.

அதன்பிறகு ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துண்டைத் திணித்து, மேலே அகலமான டேப் ஒட்டினாள். மதியத்தில் சமையலறைப் பக்கம் போகாமல் ஓதிக்கொண்டிருந்தாள். நாலு நாள் ஒரு சத்தமும் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. தூங்கி எழுந்தால் வாயெல்லாம் வறண்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எத்தனை தண்ணீர் குடித்தாலும் தாகம் போகவில்லை.

ஐந்தாம் நாள் மதியம் டேப்பைக் கிழித்து ஜன்னலைத் திறந்தாள். உள்ளே சூடான காற்று நின்றது. புறாக்கள் இல்லை. ஏசித் தண்ணீர்கூடச் சொட்டவில்லை. அவள் காத்திருந்தாள். "அக்கா, இருக்கீகளா?" வரவில்லை. அவளே முதலில் பேசினாள். ஆறுதல் வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டாள்.

"பஞ்சவர்ணம், நான் என்ன செய்யணும்? சொல்லும்மா, செய்றேன்."

ஜன்னல் விளிம்பில் கன்னத்தைச் சாய்த்துக் காது கொடுத்தாள். பிறகு அவள் கன்னத்துக்குப் பக்கத்திலேயே குரல் வந்தது, எதிரொலி இல்லாமல்.

"கதவத் தெறக்கச் சொல்லுங்கக்கா. அவளுக்குத் தண்ணி இல்ல."

அவ்வளவுதான். புறாக்கள் சிறகடித்துக்கொண்டு டக்ட்டுக்குள் இறங்கின.

'எனக்கு' என்றுதான் சொல்லியிருக்க வேண்டும், தான் தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்தபடியே நஜீஹா அபாயாவை மாட்டிக்கொண்டு படியேறினாள். நாலாம் மாடியில் ஒரு பக்கத்து வீடு நிஜமாகவே காலி. அதன் வாசலில் சூப்பர் மார்க்கெட் விளம்பரத் தாள்கள் மாதக் கணக்கில் குவிந்து மண் ஏறிக் கிடந்தன. இவர்கள் தலைக்கு மேலே இருந்த வீட்டுக் கதவிலும் பெரிய பூட்டுத் தொங்கியது. ஆனால் அந்த வாசல் பெருக்கினாற்போல இருந்தது. ஒரு தாள் இல்லை. காலியான வீட்டு வாசலை யார் துடைக்கிறார்கள்? கதவில் காதை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கதவு மட்டும் ஜில்லென்று இருந்தது.

கீழே இறங்கி மாடிப்படிக்கு அடியில் இருந்த மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தாள். காலி வீட்டு மீட்டர் செத்துக் கிடந்தது. இந்த வீட்டு மீட்டரில் சிவப்பு விளக்கு விடாமல் மின்னிக்கொண்டிருந்தது. உள்ளே ஏசி ஓடுகிறது.

ஐயப்பன் பெரம்பலூர்ப் பக்கத்து ஆள். நல்ல மனுஷன்தான், ஆனால் தன் நிழலுக்கே பயப்படுவான். மீட்டரைக் காட்டியதும் முகம் மாறிவிட்டது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. அந்த ஏஜென்ட் எல்லாரையும் வேன்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டான்னுதான் நெனச்சேன். ஓனர் சொன்னாருன்னு முந்தாநாள் மொட்ட மாடியில அந்த வீட்டுத் தண்ணி வால்வக்கூட மூடிட்டேன்."

"யார ஏத்திக்கிட்டுப் போனான்?"

ஐயப்பன் சாவி தன்னிடம் இல்லை என்று மட்டும் சொன்னான்.

நஜீஹா போய்க் கலீலை எழுப்பினாள். அவர் கோபப்படவில்லை, பயந்தார். நமக்கு எதுக்கு, நாளைக்கு விசா கொடுத்த கஃபீல் காதுக்குப் போனால் நம் கதி என்ன ஆகும், போலீஸ் கேட்டால் டக்ட்டில் பேய் பேசியது என்றா சொல்வாய் என்றெல்லாம் கேட்டார். எல்லாம் நியாயமான கேள்விகள். அவள் போனை எடுத்துப் போலீஸுக்கு 999 அழுத்தினாள். இருபது வருஷத்தில் அந்த நம்பரை அவள் அழுத்தியதில்லை. பாதி இந்தி, பாதி இங்கிலீஷ், இரண்டு வார்த்தை அரபி. நாலாம் மாடி, வெளியே பூட்டு, உள்ளே ஒரு பெண், தண்ணீர் இல்லை. இதையே மூன்று முறை சொன்னாள். அந்தப் பக்கத்து ஆள் பொறுமையாகக் கேட்டுக் கட்டட நம்பரை வாங்கிக்கொண்டான். அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது கலீல் சட்டை போட்டுக்கொண்டு, கையில் இரண்டு தண்ணீர் பாட்டிலோடு நின்றார்.

போலீஸ் வந்து பூட்டை உடைக்க முக்கால் மணி நேரம் ஆனது. முன்னறையில் ஆறு மெத்தைகள் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. சமையலறைக்கு ஒரு பூட்டு. உள்ளறைக்கு இன்னொரு பூட்டு. அதைத் திறந்ததும் குளிரும் மூத்திர நாற்றமும் சேர்ந்து முகத்தில் அடித்தன. தரையில் ஒருத்தி சுருண்டு கிடந்தாள். காலி வாளி ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். மூச்சு இருந்தது.

பெண் போலீஸ் கூப்பிட, நஜீஹா உள்ளே போய் அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்து, பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றிச் சொட்டுச் சொட்டாக உதட்டில் விட்டாள். "பஞ்சவர்ணம், பஞ்சவர்ணம்" என்று கூப்பிட்டாள். அந்தப் பெண் கண் திறந்து பார்த்து என்னவோ சொன்னாள். தமிழ் இல்லை. தெலுங்கு. நெஞ்சில் கை வைத்து, "ஓபுலம்மா" என்றாள். கடப்பைக்காரி.

நஜீஹா மெல்லத் தலையைத் திருப்பி அந்த அறையைப் பார்த்தாள். டக்ட் பக்கம் இருந்த ஜன்னலில் பலகை அறைந்து, விளிம்பெல்லாம் சிலிக்கோன் பசை பூசியிருந்தது. அது பழைய பூச்சு. மஞ்சளாகி, தூசி படிந்து இறுகியிருந்தது. அந்த அறையிலிருந்து கத்தினாலும் வெளியே கேட்காது.

ஆம்புலன்ஸ் போனபிறகு ஐயப்பன் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். அவனே சொன்னான். கொரோனாவுக்கு முந்தின வருஷம், குளிர்காலத்தில், பஞ்சவர்ணம் என்று ஒரு அம்மா அந்த அறையில்தான் இருந்தது. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை. பிணத்தை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஏஜென்ட் எப்படியோ சமாளித்துக்கொண்டான். இந்தமுறை மற்றப் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு, இவளை மட்டும் உள்ளே பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். வேறு ஏதோ விஷயத்தில் அவனைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள் போல, ஆறு நாளாக ஆளைக் காணோம்.

"அந்த ஜன்னலுக்கு ஏன் பலகை அடிச்சாங்க?" என்று நஜீஹா கேட்டாள்.

ஐயப்பன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீங்கதான்க்கா சொன்னீங்க. மத்தியானத்துல கொழாயத் தட்டுற சத்தம் கேக்குது, அண்ணன் தூங்க முடியலன்னு. நான் அவன்ட்ட சொன்னேன். அவன் அன்னிக்கே பலக அடிச்சிட்டான்."

நஜீஹாவுக்கு நினைவு வந்தது. யாரோ கரண்டியால் குழாயைத் தட்டுவதுபோல, விட்டு விட்டு, மூன்று நாலு நாள். பழைய குழாய், காற்று அடைத்திருக்கும் என்று நினைத்தாள். மழை பெய்து தெரு நனைந்து கிடந்த ஒரு நாள், ரொட்டி வாங்கப் போகிற வழியில் ஐயப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளே சத்தம் நின்றுவிட்டது. நல்லதாயிற்று என்று நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள்.

அன்று அவள் அழவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஓபுலம்மா ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நஜீஹா தினமும் போனாள். முதல் நாள் பழக்கதோஷத்தில் கட்டிலருகே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஓபுலம்மா கையை மெதுவாக உருவிக்கொண்டு, தெலுங்கு நர்ஸ் ஒருத்தியைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னாள்: செருப்பு வேண்டும், போன் பேச வேண்டும், தலைக்கு எண்ணெய் வேண்டும். நஜீஹா போய் வாங்கினாள். செருப்பு அளவு பெரிதாகிவிட்டது, திரும்பப் போய் மாற்றி வந்தாள். பாஸ்போர்ட் ஏஜென்ட்டிடம் மாட்டியிருந்தது. இந்தத் தூதரக வேலைகளில் பழக்கமுள்ள சுஐபு என்ற ஆளைக் கலீல் கண்டுபிடித்தார். கலீல் கடை அடைக்கிற மதிய நேரத்தில் காரில் கூட்டிப்போக, போட்டோ எடுக்க ஒரு நாள், போலீஸில் கையெழுத்துக்கு ஒரு நாள், தற்காலிகப் பாஸ்போர்ட்டுக்கு மூன்று நாள். வரிசையில் நின்று கால் வீங்கியது. எந்த ஜன்னலுக்கு எந்தத் தாள் என்று தெரியாமல் இரண்டுமுறை திட்டு வாங்கினாள். விமான நிலையத்தில் ஓபுலம்மா உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்து, தன் காலைத் தூக்கிச் செருப்பைக் காட்டிச் சிரித்தாள்.

ஒரே ஒரு தடவை நஜீஹா அவளிடம் நர்ஸ் மூலமாகக் கேட்டிருந்தாள், உள்ளே இருந்தபோது யார் குரலாவது கேட்டதா என்று. குரல் ஒன்றும் இல்லை, ஆனால் மதியத்தில் தூக்கம் வரும்போதெல்லாம் யாரோ தலைமாட்டில் உட்கார்ந்து எழுப்பிவிட்டுக்கொண்டே இருந்தார்கள் என்று ஓபுலம்மா சொன்னாளாம். தூங்க விடவில்லை என்று கோபமாக வந்ததாம். நர்ஸ் அதைக் காய்ச்சல் என்று சொல்லிச் சிரித்தாள். நஜீஹா சிரிக்கவில்லை.

பஞ்சவர்ணத்தின் பெட்டி இன்னும் ஐயப்பனின் சாமான் அறையில் கிடந்தது. சுஐபு பழைய காகிதங்களைத் தேடி அகிலாவின் நம்பரைப் பிடித்துக் கொடுத்தார். அந்தப் பெண் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். நஜீஹா போன் செய்து பெட்டி விஷயத்தைச் சொன்னாள். அகிலா கேட்டாள்.

"எங்கம்மா ஒங்ககிட்டப் பேசிருக்காகளா?"

"பேசுனாங்கம்மா. ஒன்னப் பத்தித்தான் பேசுனாங்க. தோட்டக் கழட்டிக் குடுத்தது, நர்சிங் படிக்கணும்னு சொன்னது, எல்லாம்."

எப்போது என்று அகிலா கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நஜீஹாவுக்கும் தெரியவில்லை. ஆனால் குழாய் தட்டிய சத்தத்தைப் பற்றியும், தான் போய்ப் புகார் சொன்னதைப் பற்றியும் மறைக்காமல் சொன்னாள். அகிலா இணைப்பைத் துண்டித்துவிட்டாள். மதுரைக்குப் போகிற ஒருவர் கையில் பெட்டியைக் கொடுத்து அனுப்பினாள். ஒரு மாதம் கழித்து 'பெட்டி வந்து சேர்ந்தது' என்று ஒரு வரி வந்தது. அதன்பிறகு ஒன்றும் இல்லை. அந்த ஒரு வரியை நஜீஹா அழிக்காமல் வைத்திருக்கிறாள்.

குரல் பிறகு வரவே இல்லை. மதியங்களில் அவள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாள். புறாக்கள் ஓயாமல் முனகின. மழைக்காலம் வந்து நிஜமாகவே மழை பெய்த அன்று டக்ட்டில் தண்ணீர் வழிந்து மண்வாசனை எழுந்தபோது மட்டும் அவள் சமையலறையில் இருக்க முடியாமல் நளினி வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் வீட்டுக்குப் பெண்கள் இப்போதும் வருகிறார்கள். டீயும் உண்டு. ஆனால் அவள் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கும், எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த அட்டை, எந்த அலுவலகம் எந்தக் கிழமை, தெலுங்கு, சிங்களம் பேச யார் யார் என்றெல்லாம் எழுதியது. நளினியின் இரண்டாவது பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி பகலாகக் கூட இருந்தவள் அவள்தான். எல்லாம் நன்றாகவே நடந்துவிடவில்லை. புருஷன் அடிக்கிறான் என்று சொன்ன ஒருத்திக்காக அவசரப்பட்டு ஒரு வக்கீலிடம் பேசப்போய், அந்தப் பெண் வாசலில் நின்று, "நான் சொன்னது கேக்குறதுக்குத்தான் ராத்தா, செய்றதுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு ஆறு மாதம் முகம் கொடுக்கவில்லை. அதிலிருந்து நஜீஹா முதலிலேயே கேட்டுவிடுவாள், "கேக்கட்டுமா, செய்யட்டுமா?" சிலர் கேட்டால் போதும் என்பார்கள். அன்றைக்கு நோட்டைத் திறக்க மாட்டாள்.

போன வருஷம் அந்தக் கட்டடத்தை இடிக்க நோட்டீஸ் ஒட்டினார்கள். கலீல் முன்தஸா பக்கத்தில் புது வீடு பார்த்தார். ஏழு மாடி, லிப்ட் உண்டு, டக்ட் கிடையாது. சாமான் இறக்கிய மறுநாள் நஜீஹா மாடி மாடியாகப் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். பேரைச் சொன்னாள், தன் வீட்டு நம்பரைச் சொன்னாள். சிலர் சிரித்தார்கள், சிலர் என்ன விற்கிறாய் என்று கேட்டார்கள். ஏழாம் மாடியில் கடைசி வீட்டுக் கதவை மட்டும் யாரும் திறக்கவில்லை. தட்டிவிட்டு நின்றாள். பட்டப்பகல். நடைபாதையில் ஒரு சத்தம் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம், கதவை ஒட்டினாற்போல, யாரோ நின்று மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

அவள் தன் பேரையும் மாடியையும் போன் நம்பரையும் இந்தியில் நிதானமாகச் சொன்னாள். தமிழில் ஒருமுறை சொன்னாள். பிறகு ஒரு சீட்டில் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளினாள். சீட்டு பாதிதான் உள்ளே போனது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீதிப் பாதியும் மெல்ல உள்ளே இழுபட்டுப் போயிற்று.

மூன்று நாள் கழித்து மதியம் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. நஜீஹா அடுப்பை அணைத்தாள். அபாயாவை மாட்டிக்கொண்டே போனைக் காதில் வைத்தாள்.

"சொல்லும்மா," என்றாள், "நான் வந்துகிட்டிருக்கேன்."